தகடு ஒன்று சொல்ல, போல்ட் வேறொன்று சொல்ல…

வாசகர் கேள்வி – பதில்: பழைய இராணுவ வண்டிகள்

பழைய இராணுவ வண்டிகளின் அடையாளம் கேட்டு வந்த கடிதங்களை இரண்டு மாதங்களாகச் சேர்த்துவைத்திருந்தேன். ஏறக்குறைய எல்லாருமே ஏதாவது ஓர் அடையாளத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்தே முழு வண்டியின் பிறப்பையும் சொல்லிவிட முயன்றிருக்கிறார்கள். தகடானாலும் எண்ணானாலும் போல்ட்டானாலும், தான் இருக்கும் பாகத்தைப் பற்றி மட்டுமே அது சாட்சி சொல்லும். அந்தப் பாகம் இந்த வண்டியோடு பிறந்ததா, இடையில் வந்து சேர்ந்ததா என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டும். கீழே உள்ள பதில்களை அந்த விசாரணையின் குறிப்புகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தாய்மாமா விட்டுச்சென்ற ஜீப் ஒன்று எங்களிடம் இருக்கிறது. உள்ளே உள்ள தகட்டில் வில்லிஸ்-ஓவர்லேண்ட் என்றும், ஒப்படைத்த தேதி 3-7-43 என்றும் உள்ளது. ஆனால் அழுக்கைத் துடைத்தபோது பல போல்ட்டுகளின் தலையில் ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்து தெரிந்தது. முன் கிரில்லில் ஒன்பது நீள்துளைகள் இருக்கின்றன. இதைச் செய்தது வில்லிஸா, ஃபோர்டா? 1943 ஜூலை என்பது சரியா?

பதில்: உங்கள் தகடும் மெய்யாக இருக்கலாம், போல்ட்டும் மெய்யாக இருக்கலாம். அது எப்படி என்பதற்கு ஜீப் பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறிய உளவு வண்டி ஒன்று வேண்டும் என்று அமெரிக்க இராணுவம் 1940 ஜூலையில் 135 நிறுவனங்களுக்கு எழுதியது. குறித்த கெடுவுக்குள் மாதிரி வண்டியைச் செய்து கொடுத்தது, பென்சில்வேனியாவின் பட்லர் என்ற ஊரில் இருந்த அமெரிக்கன் பாண்டம் என்ற சிறு நிறுவனம். கார்ல் ப்ரோப்ஸ்ட் வடிவமைத்த அந்த வண்டி 1940 செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தில் உள்ள ஹோலபேர்டு முகாமில் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்கு வேண்டிய எண்ணிக்கையை இவ்வளவு சிறிய நிறுவனத்தால் செய்துதர முடியாது என்று அஞ்சிய இராணுவம், வண்டியின் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட்டது. பாண்டமின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. பிறகு நடந்த போட்டியில், 60 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினின் பலத்தால் ஒஹையோவின் டொலீடோ நகரத்து வில்லிஸ்-ஓவர்லேண்ட் முந்தியது. ஒரே தொழிற்சாலையை நம்பியிருப்பது ஆபத்து என்று கருதிய இராணுவம், அதே வில்லிஸ் வடிவத்தில் ஃபோர்டும் செய்ய வேண்டும் என்று 1941 நவம்பரில் ஒப்பந்தம் போட்டது.

வில்லிஸ் செய்த வண்டிக்கு எம்பி என்று பெயர், ஃபோர்டு செய்ததற்கு ஜிபிடபிள்யூ. ஃபோர்டின் இந்தக் குறியீட்டில் ‘ஜி’ அரசு ஒப்பந்தத்தையும், ‘பி’ 80 அங்குல வீல்பேஸையும் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்), ‘டபிள்யூ’ வில்லிஸ் வடிவம் என்பதையும் குறிக்கின்றன. போர் முடிவதற்குள் எம்பி சுமார் 3,60,000, ஜிபிடபிள்யூ சுமார் 2,78,000 வெளிவந்தன. ஒன்றின் பாகம் இன்னொன்றில் எந்தத் திருத்தமும் இல்லாமல் பொருந்த வேண்டும் என்பது இராணுவத்தின் நிபந்தனை. ஆகவே பழுதுபார்க்கும் பட்டறைக்குள் போன வில்லிஸ், ஃபோர்டின் ஆக்ஸிலோடும் கதவில்லாத ஃபோர்டு பாடியோடும் வெளியே வருவது அன்றாடம் நடந்த காரியம். பட்டறைக்காரருக்கு வண்டி ஓடினால் போதும். எண்பது ஆண்டு கழித்து அதன் பூர்வீகத்தைக் கேட்டு நாம் வந்து நிற்போம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அதனால் எளிதில் மாற்ற முடியாத பாகத்திலிருந்து விசாரணையைத் தொடங்க வேண்டும். ஜீப்பில் அது சேஸிஸ், அதாவது முழு வண்டியையும் தாங்கும் அடிச்சட்டம். ஒரு டார்ச் விளக்கோடு முன் பம்பருக்கு அடியில் படுத்து, ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு சேஸிஸ் தண்டுகளையும் இணைக்கும் குறுக்குச்சட்டத்தைப் பாருங்கள். கிரீஸும் மண்ணும் அப்பியிருந்தால் பார்ப்பதைவிடக் கையால் தடவுவது நல்லது. விரல்கள் சுற்றிப் பிடிக்கும்படி உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். மேற்புறம் தட்டையாகவும் பக்கங்கள் கீழ்நோக்கி மடிந்தும், கவிழ்த்துவைத்த தொட்டியைப் போல இருந்தால் ஃபோர்டு. நான் அறிந்தவரை இவ்வளவு விரைவாகவும் இவ்வளவு உறுதியாகவும் பதில் தரும் சோதனை ஜீப்பில் வேறு இல்லை. அந்தச் சட்டத்தை வெட்டி மாற்றியிருந்தால் வெல்டிங் தழும்பு தானாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது சேஸிஸ் எண். வில்லிஸ் தன் எண்ணை ஒரு சிறு தகட்டில் பொறித்து, இடப்பக்கச் சேஸிஸ் தண்டின் முன்முனையில், பம்பருக்குப் பின்னால் உட்புறமாக ரிவெட் அடித்தது. ஃபோர்டோ இடப்பக்கத் தண்டின் மேற்பரப்பிலேயே, எஞ்சின் தாங்கிக்குச் சற்று முன்னால், இரும்பில் நேரடியாகக் குத்தியது. வில்லிஸின் தகடு ரிவெட் தெறித்து விழுந்துபோயிருக்கலாம், அல்லது யாரோ புதிதாக அடித்ததாக இருக்கலாம். ஃபோர்டின் எண்ணுக்கு அந்த இரண்டு ஆபத்தும் குறைவு.

உங்கள் சேஸிஸ் வில்லிஸ் என்று முடிவானால், எண்ணே ஆண்டையும் சொல்லிவிடும். எம்பியின் வரிசை 100001இல் 1941 நவம்பர் வாக்கில் தொடங்குகிறது. 1942 முடியும்போது எண் ஏறத்தாழ 200000ஐத் தொடுகிறது. 1943 இறுதியில் 293000 அளவிலும், 1944 இறுதியில் 402000 அளவிலும் நிற்கிறது. வரிசை 460000ஐ எட்டுவதற்குள் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே 1943ஆம் ஆண்டு வண்டி என்றால் எண் 200000க்கும் 293000க்கும் இடையில் இருக்க வேண்டும்.

ஒன்பது துளைக் கிரில்லை வைத்து நிறுவனத்தைச் சொல்ல முடியாது. முதல் 25,808 எம்பி வண்டிகளில் பட்டை இரும்புகளை வரிசையாக வெல்டு செய்த, சாளரக் கம்பி போன்ற கிரில் இருந்தது. ஒரே தகட்டை அச்சில் அழுத்தி ஒன்பது துளைகளுடன் செய்யும் கிரில்லைக் கொண்டுவந்தது ஃபோர்டு. எடையும் செலவும் குறைவாக இருந்ததால் 1942இல் வில்லிஸும் அதற்கே மாறிவிட்டது. இன்று ஜீப் என்றதும் உலகம் நினைக்கும் அந்த முகம் உண்மையில் போட்டி நிறுவனம் தந்தது.

இனி ‘எஃப்’ போல்ட்டுகள். ஃபோர்டு தன் தொழிற்சாலையிலிருந்து போன பாகங்களில் போல்ட் தலை முதல் தாங்கிகள், நெம்புகோல்கள் வரை தன் எழுத்தைப் பதித்தது. ஆனால் போல்ட் என்பது வண்டியிலேயே மிக எளிதாக ஊர் சுற்றும் பாகம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜீப்பின் முன்பக்கத்தில் மட்டும் பதினேழு போல்ட்டுகளில் இந்த எழுத்தைக் கண்ட நான், கீழே குனியாமலேயே “ஃபோர்டு” என்று உரிமையாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் ரேடியேட்டரைக் கழற்றிய அவர், உருண்டைக் குழாய் ஒன்றின் படத்தை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் எனக்கு அனுப்பிவைத்தார். அந்த வண்டியின் முன்பகுதி முழுவதும் எப்போதோ ஒரு ஃபோர்டிலிருந்து எடுத்து மாட்டப்பட்டிருந்தது. அன்றிலிருந்து போல்ட்டுகளை எண்ணுவதில்லை. எந்தெந்தப் பாகத்தில் இருக்கின்றன என்று மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

தகட்டின் தேதிக்கு வருவோம். அமெரிக்க வழக்கத்தில் மாதம் முதலில் வரும். ஆகவே 3-7-43 என்பது 1943 மார்ச் 7. நீங்கள் படித்தபடி ஜூலை 3 அல்ல. அதைவிட முக்கியமாக, அந்தத் தகட்டில் ஒரு வரிசை எண்ணும் இருக்கும். அது சேஸிஸில் உள்ள எண்ணோடு இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போனால்தான் தேதிக்கு மதிப்பு. வெற்றுத் தகடுகளை வாங்கி வேண்டிய எண்ணைக் குத்திக்கொள்வது இன்று எவராலும் முடியும். பழைய தகட்டில் எழுத்துகளின் விளிம்பு தேய்ந்து, குழிகளில் பல அடுக்குப் பச்சைப் பெயின்ட் தங்கியிருக்கும். எழுத்துகள் கூர்மையாக, குழிகள் சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எஞ்சின் எண்ணையும் ஒருமுறை பாருங்கள், ஆனால் கடைசியாக. அது பிளாக்கின் வலப்பக்கத்து முன் மேல்மூலையில் உள்ள மேட்டில் குத்தப்பட்டிருக்கும். ஃபோர்டு தன் எஞ்சினிலும் சேஸிஸிலும் ஒரே எண்ணைக் குத்தியது, அதனால் இரண்டும் ஒன்றாக இருந்தால் அது மாற்றப்படாத வண்டி என்பதற்கு வலுவான ஆதாரம். வில்லிஸில் இரண்டும் வேறு வேறு எண்கள்தான், எனவே அவை பொருந்தவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. பாடியைப் பற்றி ஒரு சொல்: 1944 தொடக்கத்திலிருந்து இரு நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரிப் பொதுப் பாடி வந்தது. அதன் பிறகு பாடியை வைத்து நிறுவனத்தைப் பிரிப்பது வீண் வேலை. அதற்கு முந்தைய வண்டிகளில், அதுவும் 1942 முற்பகுதியைச் சேர்ந்தவற்றில், பின்பக்கத் தகட்டிலேயே நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் புடைப்பாக இருக்கும். விளம்பரம் வேண்டாம் என்று இராணுவம் சொன்னதும் அது நின்றுபோனது.

நீங்கள் அனுப்பிய விவரங்களை வைத்து என் ஊகம், இது 1943 மார்ச் மாதத்து வில்லிஸ், ஃபோர்டு பாகங்கள் பின்னால் சேர்ந்தவை என்பது. குறுக்குச்சட்டத்தைத் தடவிப் பார்த்த பிறகு அதை ஊகம் என்று சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

கேள்வி: எங்கள் ஜீப்பின் கிரில்லில் ஏழு துளைகள்தான் உள்ளன. ஆனால் பாடியில் கோடரியும் மண்வெட்டியும் வைக்கும் பள்ளங்கள் உள்ளன, வெள்ளை நட்சத்திரமும் இருக்கிறது. இது போர்க்கால வண்டிதானா?

பதில்: நட்சத்திரத்தை மறந்துவிடுங்கள். பெயின்ட் டப்பாவும் அச்சுத்தாளும் இருந்தால் அரை மணி நேரத்தில் வந்துவிடும். ஏழு துளைக் கிரில், வில்லிஸ் 1945இல் பொதுமக்களுக்காக விற்கத் தொடங்கிய சிஜே-2ஏ வண்டியோடு வந்தது. அதன் முதல் வண்டிகளில் போர்க்காலப் பாடியின் பள்ளங்கள் அப்படியே தொடர்ந்தன, அதனால்தான் உங்களுக்குக் குழப்பம். ஹெட்லைட்டுகளைப் பாருங்கள். போர்க்கால வண்டியில் அவை சிறியவை, கிரில்லுக்குப் பின்னால் உள்வாங்கி இருக்கும். கீல் வைத்திருப்பதால், இரவில் எஞ்சினைப் பழுதுபார்க்க அவற்றை உட்புறமாகத் திருப்பிக்கொள்ளலாம். சிஜே-2ஏவில் பெரிய விளக்குகள் வெளிப்புறம் தெரியும்படி பொருத்தப்பட்டிருக்கும். பெட்ரோல் ஊற்றும் வாய் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்தால் போர்க்கால வண்டி, பாடியின் பக்கவாட்டில் வெளியே இருந்தால் பிந்தியது. பின்புறக் கதவு கீழே மடிந்து திறந்தாலும் பிந்தியதே.

பானட் மிக உயரமாக, முகம் நீண்டு தெரிந்தால் அது 1953இல் தொடங்கிய சிஜே-3பி. புது எஞ்சின் உயரமாக இருந்ததால் பானட்டைத் தூக்க வேண்டியதாயிற்று. அதை ஜப்பானில் மிட்சுபிஷியும் இந்தியாவில் மஹிந்திராவும் உரிமம் பெற்றுச் செய்தார்கள். ஒன்பது துளை இருந்தும் மின்னமைப்பு 24 வோல்ட் என்றால் பிரான்சின் ஹாட்ச்கிஸ் எம்201 ஆக இருக்கலாம். போர்க்கால எம்பியை ஒத்த அந்த வண்டி 1960களின் நடுப்பகுதிவரை, 27,000க்கு மேல் செய்யப்பட்டது. எம்பியும் ஜிபிடபிள்யூவும் 6 வோல்ட் வண்டிகள். வயரிங்கை யாரும் மாற்றியிருக்க முடியும் என்பதால் இதைத் துணைச் சான்றாக மட்டும் கொள்க.

கேள்வி: குடும்ப ஆல்பத்தில் போர்க்காலப் புகைப்படம் ஒன்று உள்ளது. பத்துச் சக்கர லாரி ஒன்றின் முன் சிலர் நிற்கிறார்கள். பானட்டின் பக்கவாட்டில் 4இல் தொடங்கும் நீண்ட எண் தெரிகிறது. லாரியின் நிறுவனத்தையும் ஆண்டையும் புகைப்படத்திலிருந்து சொல்ல முடியுமா?

பதில்: நிறுவனத்தை ஓரளவு சொல்லலாம், ஆண்டைச் சொல்வது கடினம். அந்த எண்ணே முதல் துப்பு. அமெரிக்க இராணுவம் தன் வண்டிகளின் பதிவு எண்ணைப் பானட்டில் எழுதியது, எண்ணின் முதல் இலக்கங்கள் வண்டியின் வகையைச் சொல்லும். 20இல் தொடங்கினால் ஜீப் போன்ற உளவு வண்டி, 3 என்றால் ஒன்றரை டன் லாரி, 4 என்றால் இரண்டரை டன் முதல் நாலரை டன் வரையான லாரி. எண்ணுக்கு முன் ‘டபிள்யூ’ எழுத்து இருந்தால் அது போரின் தொடக்க ஆண்டுகளின் வழக்கம். எண்ணின் கடைசியில் ‘எஸ்’ இருந்தால், ரேடியோவுக்கு இடையூறு வராதபடி மின்னமைப்பு அடக்கப்பட்ட வண்டி என்று பொருள். ஆரம்பத்தில் இந்த எண்களை மங்கிய நீலத்தில் எழுதினார்கள், பிறகு வெள்ளைக்கு மாறினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் பழைய நீல எண் பச்சையோடு கலந்து கண்ணுக்கே தெரியாமல் போவதுண்டு. உங்கள் படத்தில் எண் தெளிவாகத் தெரிகிறது என்பதே ஒரு சிறு தகவல்.

இரண்டரை டன் வகையில் மிகுதியாகச் செய்யப்பட்டது ஜிஎம்சியின் சிசிகேடபிள்யூ, 5,00,000க்கு மேல். அதற்கு அடுத்து ஸ்டூடிபேக்கரின் யூஎஸ்6, சுமார் 2,00,000. அதில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குப் போனது. ஆகவே உங்கள் படம் அமெரிக்கப் படையோடு தொடர்புடையது என்றால் ஜிஎம்சி என்று பந்தயம் கட்டலாம். லாரியின் பின்புற அச்சு படத்தில் தெரிந்தால் அதன் நடுப்பகுதியைக் கவனியுங்கள். ஜிஎம்சியில் இரு வகை ஆக்ஸில்கள் வந்தன. ஒன்றில் நடுவே பான்ஜோ வாத்தியம் போன்ற வட்டக் கூடு இருக்கும். மற்றது டிம்கன் செய்த, இரண்டு பாதிகளாகப் பிரியும் கூடு. இரண்டுமே தொழிற்சாலையில் போட்டவை, எதுவும் பின்னால் மாற்றியதல்ல.

ஆண்டு விஷயத்தில் எழுதுவோர் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சிசிகேடபிள்யூ என்ற பெயரில் முதல் ‘சி’ 1941ஐக் குறிக்கிறது. நீரிலும் ஓடும் டியூகேடபிள்யூவில் ‘டி’ 1942. இரண்டிலும் ‘கே’ முன்சக்கரங்களும் இழுக்கும் என்பதையும், ‘டபிள்யூ’ பின்னால் உள்ள இரண்டு அச்சுகளும் இழுக்கும் என்பதையும் சொல்கின்றன. ஆனால் 1941 என்பது வடிவம் உருவான ஆண்டு. 1945இல் தொழிற்சாலையை விட்டு வந்த லாரிக்கும் அதே ‘சி’தான். பெயரைப் பார்த்து ஆண்டைச் சொன்னால் நான்கு ஆண்டு பிசகலாம். ஓட்டுநர் கூடம் இரும்புக் கூரையோடும் கதவுகளோடும் இருந்தால் முந்திய உற்பத்தியாகவும், கித்தான் கூரையோடு திறந்திருந்தால் போரின் பிற்பகுதியாகவும் கொள்ளலாம். புகைப்படம் அதற்கு மேல் இடம் தராது.

கேள்வி: முன்கண்ணாடி தலைகீழாகச் சாய்ந்த, மூக்கு தட்டையான பழைய லாரி ஒன்றின் பாகங்களில் ‘சி’ எழுத்துக்குள் அம்பு முத்திரை உள்ளது. அது எந்த நிறுவனத்தின் சின்னம்?

பதில்: அது எந்த நிறுவனத்தின் சின்னமும் இல்லை. மேல்நோக்கிய அகன்ற அம்பு, பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கான மிகப் பழைய குறி. ‘சி’க்குள் அம்பு இருந்தால் கனடா, இரண்டு ‘டி’களுக்கு நடுவே இருந்தால் ஆஸ்திரேலியா, ‘யூ’வுக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா. இதே குறி ஸ்பேனர், தண்ணீர்க் குப்பி, துப்பாக்கி என எல்லாவற்றிலும் இருக்கும். உடைமையாளரின் முத்திரையைச் செய்தவரின் முத்திரை என்று எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை, அதனால் வெட்கப்பட வேண்டியதில்லை.

உங்கள் வண்டி கனடிய இராணுவ மாதிரி லாரி என்பதில் எனக்கு ஐயமில்லை. கனடாவில் ஃபோர்டும், செவர்லே பெயரில் ஜெனரல் மோட்டார்ஸும், ஒரே வரைவுக்கு உட்பட்டு 4,00,000க்கு மேல் இவ்வகை வண்டிகளைச் செய்தன. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒட்டிப்பிறந்தவை போலவே தெரியும். பானட்டைத் திறந்தால் பிரிந்துவிடும். ‘வி’ வடிவில் எட்டு சிலிண்டர் என்றால் ஃபோர்டு, 239 கன அங்குலம், 95 குதிரைத்திறன். வரிசையாக ஆறு சிலிண்டர் என்றால் செவர்லே, 216 கன அங்குலம், 85 குதிரைத்திறன். எஞ்சினை யாரும் மாற்றவில்லை என்று உறுதிப்படுத்த, மாதிரித் தகட்டைத் தேடுங்கள். எஃப்15, சி15, எஃப்60 என்பது போல எழுதியிருக்கும். முதல் எழுத்து நிறுவனம், அடுத்த எண் ஹண்ட்ரட்வெயிட் (ஒரு டன்னில் இருபதில் ஒரு பங்கு) அளவில் பாரம். 60 என்றால் 3 டன்.

ஆண்டுக்கு உங்கள் முன்கண்ணாடியே போதும். 1940, 1941 ஆண்டுகளின் 11, 12ஆம் வகைக் கூடங்களில் கண்ணாடி நிமிர்ந்து நின்றது. மேல்விளிம்பு முன்னே தள்ளி, கீழ்விளிம்பு உள்வாங்கிய கண்ணாடி அதற்குப் பின் வந்த 13ஆம் வகையுடையது. வெயில் கண்ணாடியில் பட்டு மேலே பளிச்சிட்டு விமானத்துக்குக் காட்டிக்கொடுக்காமல் இருக்கவே அப்படிச் சாய்த்தார்கள். ஆகவே கூடம் 1942 முதல் போர் முடிவுவரைக்குள் வரும். சேஸிஸும் அதே காலத்ததா என்பதைத் தகடு சொல்லட்டும்.

கேள்வி: ஜெர்மானிய கூபல்வாகன் என்று சொல்லி ஒரு வண்டியின் படங்களை அனுப்பியிருக்கிறார்கள். எஞ்சின் பின்னால் இருக்கிறது, தகட்டில் நெளிவுகள் இருக்கின்றன. நம்பலாமா?

பதில்: நீங்கள் இணைத்த முதல் படத்திலேயே விடை இருக்கிறது. போர்க்கால கூபல்வாகனின் சாய்ந்த முன்மூக்கின் மேல் உதிரிச் சக்கரம் வெளிப்படையாகக் கிடக்கும். உங்கள் படத்தில் முன்மூடி வெறுமையாக இருக்கிறது, சக்கரம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. இது 1960களின் இறுதியில் ஃபோக்ஸ்வாகன் வெளியிட்ட 181 என்ற மாதிரி. மேற்கு ஜெர்மன் இராணுவமும் அதை வாங்கியதால் இராணுவ வண்டி என்று சொல்வது முழுப் பொய்யல்ல, போர்க்காலம் என்பதுதான் பொய். உண்மையான கூபல்வாகன், அதாவது ஃபோக்ஸ்வாகனின் 82ஆம் வகை, 1940 முதல் 1945 வரை சுமார் 50,000 மட்டுமே செய்யப்பட்டது. 1943 மார்ச்சில் எஞ்சின் 985 சிசியிலிருந்து 1131 சிசிக்கு உயர்ந்தது.

கேள்வி: எங்கள் ஜீப் ஃபோர்டு என்று குறுக்குச்சட்டம் காட்டுகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் சேஸிஸ் எண் இல்லை. பெயின்ட் தடிமனாக இருக்கிறது. கிரைண்டர் வைத்துத் தேய்த்துப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து கிரைண்டரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஃபோர்டு குத்திய எண்களின் ஆழம் அதிகமில்லை. துரு ஏற்கெனவே பாதியைத் தின்றிருக்கும், மீதியைச் சக்கரம் இரண்டு விநாடியில் தின்றுவிடும். கம்பித் தூரிகை மாட்டிய டிரில்லும் அதே குற்றவாளிதான்.

முதலில் மரக்குச்சியால் மண்ணைச் சுரண்டி, டீசல் நனைத்த துணியால் கிரீஸை எடுங்கள். பிறகு பெயின்ட் நீக்கியைத் தடவி, அது கொப்பளித்துக் கிளம்பும்வரை காத்திருந்து, பிளாஸ்டிக் வில்லையால் ஓர் அடுக்கை மட்டும் எடுங்கள். மூன்று நான்கு முறை செய்ய வேண்டிவரும். ஒவ்வோர் அடுக்கின் நிறத்தையும் ஒரு தாளில் குறித்துவைத்தால், வண்டி எத்தனை கை மாறியது என்பதற்கு அதுவே ஒரு பட்டியலாகிவிடும். இரும்பு தெரிந்ததும் மெல்லிய பித்தளைத் தூரிகையால் கையாலேயே தேய்த்து, அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பரப்போடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத எண்கள் சாய்வு வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். அப்போதும் மங்கலாக இருந்தால் மெல்லிய தாளை விரித்து, பென்சிலின் பக்கவாட்டால் உரசிப் படியெடுங்கள். 3ஐயும் 8ஐயும், 1ஐயும் 7ஐயும் பிரித்தறிய இந்தப் படிதான் கைகொடுக்கும். இடப்பக்கத் தண்டு என்பது ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து முன்னே பார்க்கும்போது உள்ள இடப்பக்கம். வண்டிக்கு எதிரே நின்றுகொண்டு தவறான தண்டைச் சுரண்டியவர்கள் பலர்.

எதுவுமே தெரியவில்லை என்றால், ஓர் எஃகு அளவுகோலின் விளிம்பை அந்தப் பரப்பின் நீளவாக்கில் நிறுத்திப் பாருங்கள். அளவுகோலுக்கும் இரும்புக்கும் நடுவில் டார்ச் வெளிச்சம் கசிந்தால் அந்த இடம் எப்போதோ தேய்த்துக் குழிக்கப்பட்டிருக்கிறது. பரப்பு மேடாக, சொரசொரப்பாக இருந்தால் வெல்டிங் கம்பியால் நிரப்பி மூடியிருக்கிறார்கள். அப்படியானால் ஃபோர்டு என்ற பெயரோடும், கிரில், பாடி, ஹெட்லைட்டுகள் காட்டும் தோராயமான காலத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். காணாமல்போன எண்ணுக்குப் பதிலாக எஞ்சினில் உள்ள எண்ணைச் சேஸிஸில் குத்தித் தருவதாகச் சிலர் முன்வருவார்கள். சேஸிஸ் எண்ணைத் திருத்துவது பல நாடுகளில் குற்றம். அந்தக் கைவேலைக்குப் பிறகு உங்களுக்கு அடுத்து அந்த வண்டியை ஆராய வருகிறவருக்குப் பெயின்ட் நீக்கியும் பென்சிலும் எந்த உதவியும் செய்யாது.